ஒன்பதரை மணி நேரம் பின்னால்

இங்கே இரவு இரண்டரை.
அந்தத் தீவில் இன்னும் மாலை ஐந்து.
கோத்தகிரி, டான்டீ லைன், கடைசி வீடு.
காலுக்கடியில் கரிச்சட்டி,
குரங்குக் குல்லாவுக்கு மேல் ஹெட்போன்.
திரையில் என் பெயர் கிளாரா.
யோகமலர் என்று எழுத அங்கே இடம் போதாதாம்.

தண்ணீர் குளிருமா என்கிறார் ஒருவர்.
வெதுவெதுப்பாக இருக்கும் என்று தட்டுகிறேன்,
விறைத்த விரல்களை ஊதி ஊதி.
பொய்யில்லை.
இருபத்தெட்டு டிகிரி என்று எழுதித் தந்திருக்கிறார்கள்.

விடியுமுன் வடக்குக் கரைக்கு வாருங்கள்,
ஆமைக் குஞ்சுகள் கடலுக்குப் போகும்.
டார்ச் அடிக்க வேண்டாம்,
பாவம் என்று கையில் தூக்கியும் விட வேண்டாம்,
அவை நடந்துதான் போக வேண்டும்.

முகமூடி மாட்டிக்கொண்டு குப்புற மிதந்தால்
கிளிப்பச்சை மீன்கள் பவளத்தைக் கடிக்கும் சத்தம்
காதுக்குள்ளேயே கேட்கும்.
எனக்குக் கேட்டதில்லை.
கொல்லையில் காட்டெருமை ஒன்று
சௌசௌக் கொடியைப் பந்தலோடு இழுத்து மெல்லும்.
அதைக் கொஞ்சம் சின்னதாக்கி, நனைத்து,
அவர்களுக்குச் சொல்கிறேன்.
நேரில் இருப்பது போலவே இருக்கிறது என்று
டொராண்டோ அம்மாள் ஐந்து நட்சத்திரம் போட்டாள்.

இன்னும் இருக்கிறது.
எரிமலைச் சேற்றைப் பூசிக்கொண்டு காயும்வரை நிற்கலாம்.
சனிக்கிழமைச் சந்தையில் ஜாதிக்காய் ஐஸ்கிரீம்.
இரண்டு மணிக்கு ரம் ஆலை,
மூன்று கோப்பை ருசி பார்க்க இலவசம்.
இதை மட்டும் அப்பாவிடம் சொல்லவில்லை.

குழாயில் தண்ணீர் வரும் நாள் என்பதால்
அம்மா குடத்தோடு எழுந்து வந்தாள்.
"யாரு கூட இந்த நேரத்துல?"
ஒரு தீவு, என்றேன்.
எங்கள் வீட்டில் தீவு என்ற சொல்லே கிடையாது.
சிலோன்தான்.
கையில் காகிதம் கொடுத்து அனுப்பிவைத்த இடம்,
சுற்றிப் பார்க்கப் போகும் இடமில்லை.
அம்மா கடலைக் கண்டது ஒரே தடவை,
தலைமன்னார்க் கப்பலில், ஆறு வயதில்,
கண்ட நேரமெல்லாம் வாந்தி.

"அங்க என்ன போடுறாங்க, கொழுந்தா?"
கரும்பும்மா. முந்தி. இப்ப ஆலையை மட்டும் காட்டுறாங்க.
"யாரு வெட்டுனது?"

நூற்று நாற்பது கேள்விகளுக்குப் பதில் வைத்திருக்கிறேன்,
பீச் துண்டு முதல் வேர்க்கடலை ஒவ்வாமை வரை.
இது அதில் இல்லை.
படகுக்காரர் பட்டியலைத் திறந்து
மூன்றாம் பெயரைக் காட்டினேன்.
பிரெஞ்சு எழுத்தில் நீட்டி முழக்கியிருந்ததை
உரக்க வாசித்தபோது முத்துசாமி.
"நம்மாளா? எந்த ஊரு?"
ஒருநாள் கேட்டேன்.
மெட்ராஸ் என்று தாத்தாவின் தாத்தா சொன்னாராம்,
அது எந்தப் பக்கம் என்று
என்னிடமே கேட்டார்.
என்ன சொல்வது?
கிளாராவுக்கு அது தெரிந்திருக்கக் கூடாதே.

அம்மா ஒன்றும் பேசவில்லை.
குடம் நிறைந்து வழிந்ததைக் கவனிக்கவில்லை,
அல்லது கவனித்தும் விட்டுவிட்டாள்.
பிறகு, "மூணு நாளைக்கு எவ்வளவு வாங்குறாங்க?"
சொன்னேன்.
உதடு அசைய அசைய
ரூபாயைக் கிலோக் கொழுந்தாக மாற்றிக்கொண்டிருந்தவள்
பாதியில் நிறுத்திவிட்டாள்.

திரையில் புள்ளிகள் துடித்து, அடுத்த ஆள்:
மழை பெய்தால் பணம் திரும்பக் கிடைக்குமா?
கிடைக்கும்,
எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள்,
முழுத் தொகையும்.

என்னவாம், என்றாள் அம்மா.
தமிழில் சொன்னேன்.

மழை வந்தால் அரைப்பேர் வாங்கியே
முப்பத்து மூன்று வருசம் படங்கு கட்டியவள்
இடுப்புக் குடம் தளும்பத் தளும்பச் சிரித்தாள்.
அடுத்த வீட்டு நாய் எழுந்து குரைத்தது.
ஹெட்போனைக் கையால் பொத்திக்கொண்டு
நானும்.